பூஜைக்குள்ள பச்சை தெரியணும்

கம்போஸ்ட் விக்கிறவங்களுக்கு ரெண்டு மூக்கு வேணும்: ஒண்ணு உரத்தை மோந்து பாக்க, இன்னொண்ணு அக்கம்பக்கத்து மூக்கெல்லாம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்டுபிடிக்க.

பால்கனில பக்கெட் வெச்சு, அதுல காய்கறித் தோலைப் போட்டு மூடி, அதுக்காக வீட்ல திட்டு வாங்கிட்டு இருக்குற அத்தனை பேருக்கும் வணக்கம். உங்களுக்காகத்தான் டைப் பண்றேன். ஆனா ஒரே மூச்சுல முடியாது. கீழ போய் டிரம்மைக் கிண்டணும், உரம் சலிக்கணும், நடுவுல போன் வரும், குக்கர் விசில் எண்ணச் சொல்லி அம்மா கத்துவாங்க. விட்ட இடத்துல வந்து பிடிச்சுக்கறேன், சரியா?

நான் கோமதி. பொறந்து வளந்தது கொல்கத்தா. வீடு பெஹாலாவுல ஒரு ஃப்ளாட். அப்பாவுக்கு லேக் மார்க்கெட்ல பலசரக்குக் கடை. இட்லி அரிசி, அப்பளம், காபித்தூள் எல்லாம் கிடைக்கும். வீட்டுக்குள்ள திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினா பெங்காலி. அதனால இதுல வர்ற பேச்சுல பாதி பெங்காலியில பேசினது, நான் தமிழ்ல போட்டிருக்கேன். தொழில்ல பார்ட்னர் பாபாய், ஸ்கூல்ல கூடப் படிச்சவன். ஸ்கூட்டர் அவனோடது, அவசரம் என்னோடது.

ஒரு துண்டு மண்ணு

எங்க கட்டடத்துக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவுல நீளமா ஒரு துண்டு இடம் கிடக்கு. கட்டடம் கட்டினவங்க கொட்டிட்டுப் போன செங்கல் துண்டு, காரைக்கட்டி, ஓட்டை பைப்பு எல்லாம் மேல. அதுக்கு அடியில நல்ல பிசுபிசுன்னு களிமண். வெயில்ல செங்கல், மழையில அல்வா. புல்லு கூட ரொம்ப யோசிச்சுத்தான் முளைக்கும். அதோட ஒரு ஓரத்துலதான் எங்க கம்போஸ்ட் டிரம்முங்க நிக்குது.

ஃப்ளாட் கமிட்டி செக்ரட்டரி கோஷ் காக்கு, காக்குன்னா இங்க அங்கிள். அலிப்பூர் கோர்ட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். டீ வேணும்னு கேட்டாக்கூட தீர்ப்பு மாதிரிதான் வரும். அவர் அந்த இடம் பூரா டைல்ஸ் போட்டு ஸ்கூட்டர் நிறுத்தலாம்னு முடிவு பண்ணிட்டார். டைல்ஸ் வந்தா டிரம்முக்கு இடமில்ல. டிரம் இல்லேன்னா தொழில் இல்ல. தொழில் இல்லேன்னா நான் அப்பா கடையில உக்காரணும். அப்பா எனக்குன்னு ஸ்டூலே வாங்கிப் போட்டுட்டாரு! மீட்டிங்ல நான் எழுந்திரிச்சு, யோசிக்காம கத்திட்டேன், "காக்கு, எங்க உரத்தை வெச்சே இந்த மண்ணை மாத்திக் காட்டறேன், டைம் குடுங்க." காக்கு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்ப மாட்டிக்கிட்டு, 'கண்ணு'ங்கற மாதிரி செல்லமா மாமோனின்னு கூப்பிட்டுச் சொன்னார்:

"மாமோனி, துர்கா பூஜைக்குள்ள அங்க கண்ணுக்குப் பச்சையா ஏதாவது தெரிஞ்சா மண்ணு, தெரியலேன்னா டைல்ஸ். பாசி கணக்குல வராது."

நாத்தம் இல்லாத குத்தம்

நம்ம உரம் எவ்வளவு நல்லதுன்னு முதல்ல சொல்லிடறேன். அலிப்பூர்ல தோட்டம் வெச்ச ஒரு பெரிய வீட்டு ஆண்ட்டி மூட்டைக் கணக்குல கேட்டாங்க. நானும் பாபாயும் சலிச்ச உரத்தையே திரும்பச் சலிச்சு, காபித்தூள் மாதிரி ஆக்கி எடுத்துட்டுப் போனோம். ஆண்ட்டி மூட்டையைப் பிரிக்கச் சொல்லிக் குனிஞ்சு மோந்தாங்க. நிமிந்தாங்க. மறுபடி மோந்தாங்க. மார்க்கெட்ல மீனோட செவுளைத் தூக்கிப் பாக்குற மூஞ்சி இருக்கே, அந்த மூஞ்சி.

நான் பெருமையா, "நல்லாப் பக்குவமான உரத்துல கெட்ட வாடையே வராது ஆண்ட்டி, மழை பெஞ்ச மண்ணு மாதிரி லேசா ஒரு வாசனை, அவ்வளவுதான்"னு ஆரம்பிச்சேன். முடிக்க விடல.

"எங்க பழைய ஆள் உரம் கொண்டு வந்தா தெருமுனையிலயே தெரியும். நீங்க யார் வீட்டு மண்ணை மூட்டை கட்டிட்டு வந்திருக்கீங்க?"

அல்வா கிண்டினது

(போன் வந்துச்சு, போயிட்டு வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், மண்ணு.)

செங்கல் பொறுக்கி முடிச்சோம். அடுத்த நாளே மழை. களிமண்ணு ஈரமா இருக்குறப்ப அதுல கை வைக்கவே கூடாதுங்க. மிதிச்சா இறுகிடும், காத்து போற வழியெல்லாம் அடைச்சுக்கும். இதை நான் கஸ்டமர் ஒவ்வொருத்தருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்றேன். ஆனா எனக்குத்தான் கை துறுதுறுங்குதே! பூஜை வந்துட்டே இருக்குதே! ஒரு டிரம் பூரா நல்ல உரத்தைக் கொட்டி, மண்வெட்டி போதாம காலாலயும் மிதிச்சுக் கலக்கிட்டோம். பாபாயோட செருப்பு ஒண்ணு உள்ள போயே போச்சு. உரம் அங்கங்க அல்வாவுல முந்திரி மாதிரி நிக்குது.

எங்க பாராவுல, அதாவது ஏரியாவுல, பூஜைக்கு சிலை செய்ய வந்த ஆளுங்க பக்கத்து கிளப்புல தங்கியிருந்தாங்க. அதுல ஒருத்தர் எங்க குழாய்ல தண்ணி பிடிக்க வந்தார். அந்த மண்ணைக் கொஞ்சம் கிள்ளி விரலால உருட்டினார். நீளமா இழுத்தார். அது அறுந்து விழாம இழுபட்டுச்சு. அவர் மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம். "எப்படி இருக்கு தாதா?"ன்னு கேட்டேன். இங்க தாதான்னா அண்ணன், திதின்னா அக்கா.

"ரொம்ப நல்லா மிதிச்சிருக்கீங்க திதி, ரெண்டு கூடை எடுத்துக்கவா? இதுல துர்கா வருவா, செடி வராது."

தோயலையே

அப்புறம் வழியை மாத்தினோம். மண்ணைத் தோண்டறதில்ல. பக்குவமான உரத்தை மேலாப்புல பரப்பி, அதுக்கு மேல காஞ்ச இலையைப் போட்டு மூடிட்டு, சும்மா இருக்கணும். மண்புழு தானா மேல வந்து உரத்தைக் கீழ இழுத்துட்டுப் போகும், மண்ணு மெல்ல மெல்லப் பொலபொலன்னு ஆகும். வேலை சுலபம். அந்த 'சும்மா இருக்கணும்'தான் எனக்கு வராது. பல் தேய்ச்சுக்கிட்டே கீழ போய் இலையைத் தூக்கிப் பாப்பேன். சாப்பிட்ட கையோட போய்ப் பாப்பேன். "புழுவுக்கு வெக்கமா இருக்கும், விடு"ன்னு பாபாய் சொல்வான்.

என்னைவிட அவசரக்காரங்க இருக்காங்கன்னு தெரிஞ்சப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு தமிழ் மாமி. கறிவேப்பிலைச் செடி வரமாட்டேங்குது, மண்ணு சரியில்லன்னு ஒரு பை உரம் வாங்கினாங்க. நான் என் வாய் சும்மா இருக்காம, "மாமி, இது உயிருள்ள சமாச்சாரம். தயிருக்கு உறை ஊத்தற மாதிரின்னு வெச்சுக்கோங்க, உள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு"ன்னு ஒரு லெக்சர் குடுத்துட்டு வந்தேன். மறுநாள் காலங்காத்தால போன். குரல்ல அப்படி ஒரு கவலை.

"டப் நெறைய மண்ணைப் போட்டு, நீ சொன்ன மாதிரியே ஒரு ஸ்பூன் உரம் விட்டுக் கலக்கி, தட்டு போட்டு மூடி, அடுப்புப் பக்கத்துல வெச்சேன். விடிஞ்சு தொறந்து பாத்தா தோயவே இல்லையேம்மா?"

புழுவுக்கு வேலி

அல்வாவுக்குள்ள ஒரு டிரம் போயிடுச்சுல்ல? அதனால உரம் பத்தல. ஃப்ளாட் ஃப்ளாட்டா ஏறி, குப்பை குடுங்க குப்பை குடுங்கன்னு கெஞ்சினேன். கோஷ் காக்குவோட வொய்ஃப், கோஷ் காக்கிமா, கதவைப் பாதி தொறந்தாங்க. அவங்க வீட்ல தினம் பூஜை, செம்பருத்தியும் சாமந்தியும் கூடைக் கணக்குல வாடும். சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில போட மாட்டாங்க, சேத்து வெச்சு கங்கையில கொண்டு போய் விடணும். அதைக் கொண்டு போக ஆளில்லாம பை பையா வாசல்ல நிக்குது. எனக்கோ வாயில எச்சில் ஊறுது.

"குடுக்கறேன். ஆனா கீழ் ஃப்ளாட்டு மீன் செதில் போடற டிரம்ல என் தாக்கூரோட, என் சாமியோட பூ போகக் கூடாது"ன்னாங்க. நியாயம்தானே? ஒரு டிரம்முல சாக்பீஸால 'ஆமிஷ்'னும் இன்னொண்ணுல 'நிராமிஷ்'னும் பெங்காலியில எழுதினேன். ஒண்ணு அசைவம், ஒண்ணு சைவம். காக்கிமா நேர்ல வந்து பாத்தாங்க, மூடியைத் தொறந்து மோந்தாங்க, திருப்தியாத் தலையாட்டினாங்க. கிளம்பினவங்க படியில கால் வெச்சுட்டு, ஏதோ ஞாபகம் வந்து திரும்பினாங்க.

"ராத்திரில இந்தப் புழு அந்த டிரம்முக்குப் போயிட்டுத் திரும்பி வராதில்ல?"

ஒரு கிண்ணம் போதும்

இதைச் சொல்லாம இருந்தா நல்லாருக்கும். ஆனா சொல்லலேன்னா கதை நகராது.

பூஜைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான், உரம் வேகமா ஆகல. பாபாய் கடுகுப் புண்ணாக்கு வாங்கி ஊற வெச்சுக் கொண்டு வந்தான். இந்த ஊர்ல பூச்செடி வெச்சவங்க எல்லாருக்கும் அந்தக் கரைசல் மேல தனிப் பிரியம். அளவாத் தெளிச்சிருந்தா பரவாயில்ல. பக்கெட்டோட ஒரு டிரம்முல கவுத்துட்டோம். அன்னிக்குன்னு விடாம மழை, டிரம்முக்குள்ள காத்தே போகல. சாயங்காலம் கிளம்பிச்சு பாருங்க ஒரு வாடை! மாடிப்படி வழியா மெதுவா ஏறி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிட்டு வந்துச்சு.

எங்க வீட்டுக் கதவை நிஜமாவே ஒருத்தர் தட்டினார். கீழ் ஃப்ளாட்டு பருவா காக்கு. பூர்வீகம் சிட்டகாங் பக்கம், அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ஷுட்கின்னா உயிர். ஷுட்கின்னா நம்ம கருவாடு. அவரோட வொய்ஃபுக்கு அந்த வாடையே ஆகாது, வீட்ல சமைக்க விடறதில்ல. மனுஷன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்துட்டு, எங்கம்மாகிட்ட குரலை இறக்கி, அண்ணிங்கற முறையில, "போவ்தி, இன்னிக்கு உங்க வீட்ல ஷுட்கியா?"ன்னார். எங்க வீட்ல முட்டையே உள்ள வராது. அமாவாசைன்னா வெங்காயம் கூட வெளிய நிக்கும். அம்மா பதறிப் போய், "ஐயோ, நாங்க அதெல்லாம் தொடவே மாட்டோம்"னாங்க. பருவா காக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சார்.

"புரியுது போவ்தி, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஒரு சின்னக் கிண்ணத்துல மட்டும் குடுத்தனுப்புங்க."

டைல்ஸ் வந்து இறங்கிச்சு

அடுத்தது கோஷ் காக்கு. மூக்கைக் கைக்குட்டையால மூடிக்கிட்டு கீழ வந்தார். மறுநாள் காலையில வந்து ஒவ்வொரு டிரம்மாத் தொறந்து பாப்பேன், வாடை வந்தா பூஜை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லன்னுட்டார். நாங்க ரெண்டு பேரும் ஓடினோம். பந்தல்காரங்ககிட்ட கெஞ்சி மரத்தூளும் சிலைக்குள்ள கட்டற வைக்கோலும் வாங்கிட்டு வந்தோம். அந்த நாறின டிரம்மைக் காலி பண்ணி, பாதி கூட வேகாத சரக்கை அந்தத் துண்டு இடத்தோட கோடியில பரப்பி, மேல மரத்தூள், அதுக்கு மேல வைக்கோல். வேகாத உரத்தை மண்ணுல போடக் கூடாது, தெரியும். வேற வழி இல்ல, காத்துப் பட்டா வாடை அடங்கிடும், அது ஒண்ணுதான் எண்ணம். அடங்கியும் போச்சு. காலையில காக்கு காலி டிரம்மைத் தட்டிப் பாத்தார், மோந்து பாத்தார், ஒண்ணும் கிடைக்கல.

ஆனா அவர் சும்மா வரல. பின்னாடியே ஒரு வண்டி. டைல்ஸ் அடுக்கடுக்கா இறங்கி, அந்தக் கோடியிலேயே, வைக்கோலை ஒட்டி உக்காந்துச்சு. "இன்னும் டைம் இருக்கே காக்கு?"ன்னு கேட்டேன்.

"டைம் இருக்கு மாமோனி. டைல்ஸும் இருக்கட்டும், பக்கத்துல இருந்து பாக்கட்டும்."

அரைவேக்காடு

(குக்கர். மூணா நாலான்னு தெரியல, அணைச்சுட்டேன்.)

நல்ல உரம் போட்ட பக்கம் மண்ணு நிஜமாவே மாறிடுச்சுங்க. விரலால தொட்டா உதிருது, புழு நெளியுது. அதுல சாமந்தி நாத்து வாங்கி வரிசையா நட்டோம், பச்சைன்னா பச்சை, கூடவே பூ, காக்கு என்ன சொல்ல முடியும்? காலையில போனா ஒண்ணு கூட இல்ல. சங்கு மாதிரி பெரிய பெரிய நத்தை, வயிறு நெறஞ்சு சுவத்துல ஒட்டிக்கிட்டுத் தூங்குது. திரும்ப நட்டோம். திரும்பத் தின்னுச்சு. நான் அப்பாவோட ஸ்டூல்ல உக்காந்திருக்குற மாதிரி கனவெல்லாம் வர ஆரம்பிச்சுது.

அப்பத்தான் டைல்ஸ் பக்கம், அந்த வேகாத சரக்கு போட்ட இடத்துல, வைக்கோலைத் தள்ளிட்டு தடி தடியா இலை. பாபாய் பாத்துட்டுத் தலையில கை வெச்சுட்டான். "இது குப்பையில இருந்த விதை. உரம் ஒழுங்காச் சூடாகி வெந்திருந்தா விதை செத்திருக்கும். கஸ்டமர் யாராவது பாத்தா மானம் போயிடும், பிடுங்கு"ன்னான். அவன் சொன்னது சரி. இந்தத் தொழில்ல இதைவிட அசிங்கம் கிடையாது. நானும் குனிஞ்சு தண்டைப் பிடிச்சுட்டேன். மேல பால்கனில துணி காயப்போட்டுட்டு இருந்த அம்மா பாத்துட்டாங்க.

"ஏட்டி, அது பூசணிக் கொடிலா! பிடுங்கினே, கையை ஒடிச்சுப் போடுவேன்."

மீட்டிங்

மஹாலயாவுக்கு, அதாவது பூஜைக்கு ஒரு வாரம் இருக்குற அமாவாசைக்கு, முன்னால கமிட்டி கீழ கூடிச்சு. கொடி அதுக்குள்ள டைல்ஸ் அடுக்கு மேல ஏறி, மூடி, அந்தப் பக்கம் இறங்கி, சுவத்தைப் பிடிச்சு நின்னுச்சு. டைல்ஸ் எந்த நிறம்னு யாருக்கும் ஞாபகமில்ல. நான் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். கோஷ் காக்கு எழுந்திரிச்சார். பச்சை தெரியுது, ஒத்துக்கறேன்னார். ஆனா இவ சொன்னது உரத்தை வெச்சு மண்ணை மாத்திக் காட்டறேன்னு, வந்திருக்கறது குப்பையில தானா முளைச்சது, இவ நட்டதெல்லாம் நத்தை தின்னுடுச்சு, அதனால இது கணக்குல வராதுன்னார். உண்மைதானே? டைல்ஸ் போட வந்த ஆளு கொடியைத் தூக்க ஒரு கையை நீட்டினான், அவ்வளவுதான்.

"கையை எடு!"ன்னு மாடிலேருந்து ஒரு சத்தம். கோஷ் காக்கிமா. அடுத்த நிமிஷம் கீழயே வந்துட்டாங்க. பின்னாடி பருவா காக்குவோட வொய்ஃப், எங்கம்மா, எல்லாரும். அப்பத்தான் எனக்கே விஷயம் தெரியும். பூசணிப்பூவைக் கடலைமாவுல தோச்சுப் பொரிச்சா இந்த ஊர்ல மழைக்கால டீக்கு அதைவிட ஒண்ணு வேண்டாம். தினம் விடியக்காலையில ஒவ்வொருத்தரா, அடுத்தவங்களுக்குத் தெரியாம வந்து பூப்பறிச்சுட்டுப் போயிருக்காங்க. "ஆண் பூவைத்தான் பறிக்கணும், யாரோ காய் பிடிக்கற பூவையெல்லாம் பறிக்கறாங்க"ன்னு காக்கிமா. "யாரைச் சொல்றீங்க?"ன்னு பருவா வொய்ஃப். "நான் எங்க வெதைலேருந்து வந்ததைத்தான் பறிச்சேன்"னு எங்கம்மா. மீட்டிங் பூராவும் அதுல போயிடுச்சு. காக்கு ரெண்டு தடவை தொண்டையைக் கனைச்சுட்டு, "அப்ப டைல்ஸ்?"ன்னு கேட்டார். காக்கிமா மெதுவா அவர் பக்கம் திரும்பினாங்க.

"நேத்து டீயோட தட்டு நெறையத் தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேட்டீங்களே, அது டைல்ஸ்லயா பூத்துச்சு?"

காக்கு கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார். ரொம்ப நேரம் துடைச்சார்.

"எழுதிக்கோங்க: டைல்ஸ் ஒத்திவைப்பு, இந்த மண்ணுக்குத் தனியா ஒரு தோட்டக் கமிட்டி, தலைவர் நான், பூ பங்கு பிரிக்கறது என் பொறுப்பு."

ஆக, பக்குவமா வெந்து, சலிச்சு, வாசனை பாத்துப் போட்ட உரமெல்லாம் நத்தை வயித்துக்குப் போக, வேகாம நாறின ஒரே ஒரு டிரம்முதான் எங்க தொழிலைக் காப்பாத்திச்சுன்னு தயவு செஞ்சு எங்க கஸ்டமர் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.